ஒட்டிப்போன தொட்டிக் குழாயைக் கழற்றும்போது செய்யக்கூடாதவை

மட்டக்களப்புக் கல்லடியில், ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் வாவியுமாகக் கிடக்கும் நிலத்தில் என் அக்காவின் வீடு இருக்கிறது. அவர் கனடாவில், சாவி என்னிடம். ஆசைப்பட்டு வைத்த குளியல் தொட்டி ஆண்டில் இரண்டு கிழமை நிரம்பும். மற்ற நாட்களில் அது பல்லிகளுடையது. உப்புக் காற்றிலும் உவர்த் தண்ணீரிலும் அதன் குழாய் மூக்கு, அதாவது தண்ணீர் தொட்டிக்குள் விழும் வாய்ப்பகுதி, பச்சை பூத்துச் சுவரோடு இறுகிவிட்டது. அதை மாற்றப் போய்த்தான் இவ்வளவும் கற்றுக்கொண்டேன்.

முதல் தவறு, குனிந்து பார்க்காதது. குழாய் மூக்கில் இரண்டு வகை உண்டு. ஒன்று மரையில், அதாவது திருகுப் புரியில், முறுக்கிப் பூட்டுவது. இடப்புறமாகச் சுழற்றினால் கழலும். மற்றது செப்புக் குழாயின் மேல் செருகி, அடிப்பக்கத்தில் ஒரு சின்னத் திருகாணியால் இறுக்குவது. அந்தத் திருகாணியைத் தளர்த்தாமல் முறுக்கினால் சுவருக்குள் இருக்கும் செப்புக் குழாயே முறுகிவிடும். டோர்ச் வெளிச்சத்தில் அடிப்பக்கத்தைப் பாருங்கள். துளை உப்பால் அடைந்திருந்தால் ஊசியால் சுரண்டிச் சுத்தம் செய்தபின் அறுகோண அலன் கீயைப் போடுங்கள். அரைகுறையாகப் பொருந்தும் கீயால் திருகினால் அறுகோணம் வழுவழுப்பாகிவிடும். அதன் பிறகு துளைத்துத்தான் எடுக்க வேண்டும்.

சுவரும் குழாயும் சேரும் இடத்தில் பூசியிருக்கும் சிலிக்கனை அறுக்க மறப்பதும் வழக்கம். மேசன் தாராளமாகப் பூசியிருப்பார். பிளேட்டால் சுற்றிவர அறுத்துவிடுங்கள். தொட்டியின் துவாரத்தையும் துணியால் மூடுங்கள். திருகாணி உள்ளே போனால் அது வேறு கதை.

அடுத்தது பலம். நான் பைப் ரென்ஞ்சின் பிடியில் நீளமான இரும்புக் குழாயைச் செருகி அழுத்தினேன். மூக்கு அசைந்தது, மகிழ்ந்தேன். மூக்கின் உடல் உடைந்து, மரைப்பகுதி மட்டும் சுவருக்குள் தங்கியிருந்தது. எங்கள் வீடுகளில் சுவருக்குள் பெரும்பாலும் பிவிசி குழாயும் பசையிட்டு ஒட்டிய முழங்கை என்ற வளைவு இணைப்பும்தான். மூக்கு கழலாவிட்டால் அந்த முறுக்கு முழுவதும் முழங்கைக்குப் போகும். பிளம்பர் வந்து பார்த்துவிட்டு, "அண்ணன், எறியப்போகிற சாமானைக் காப்பாற்றி, வைத்திருக்க வேண்டியதை உடைக்கப் பார்த்தீர்களே" என்றார். நல்லவேளை, முழங்கை தப்பியது. மரைத் துண்டை, உடைந்ததைப் பிடித்துச் சுழற்றி எடுக்கும் எக்ஸ்ட்ராக்டர் கொண்டு எடுத்தார்.

ஆகவே இறுகிய மரையை இளக்கும் எண்ணெயை ஊற்றி ஓர் இரவு காத்திருங்கள். சுண்ணாம்பு படிந்திருந்தால் வினாகிரியில் நனைத்த துணியைச் சுற்றி வையுங்கள். மறுநாள் சிறிது இறுக்கி, சிறிது தளர்த்தி, மாறி மாறி அசையுங்கள். அதற்கும் மசியாவிட்டால் ஹக்சோ பிளேட்டால் மூக்கை நீளவாக்கில் அறுங்கள். உள்ளிருக்கும் குழாயைத் தொடுவதற்கு முன் நிறுத்தி, ஸ்க்ரூ டிரைவரை நுழைத்துப் பிளந்துவிடலாம். பழையது போனால் போகட்டும்.

வெளிநாட்டு வீடியோக்களில் நெருப்புக் காட்டிக் கழற்றுவார்கள். அது செப்புக் குழாய்க்கு. பிவிசி 80 பாகை செல்சியஸ் அளவிலேயே இளகத் தொடங்கும். கழிவறை கழுவும் அசிட்டும் வேண்டாம். பித்தளையையும் முலாமையும் அரித்துவிடும்.

தண்ணீர்த் தாங்கியின் கேட் வால்வை மூடிவிட்டேன் என்று நம்பி இறங்குவதும் தவறு. ஆண்டுக்கணக்கில் திருப்பாத வால்வு முழுதாக மூடாது. வேறொரு குழாயைத் திறந்து, தண்ணீர் நிற்கிறதா என்று பார்த்தபின் கையை வையுங்கள்.

புதியதைப் பூட்டும்போது அக்காவின் அன்பும் ஒரு சிக்கலானது. கனடாவிலிருந்து அவர் கொடுத்தனுப்பிய மூக்கு அரை அங்குலம்தான். இங்குள்ளதும் அரை அங்குலம்தான். இரண்டிலும் அங்குலத்துக்கு 14 மரை. ஆனால் வட அமெரிக்க மரையின் கோணம் 60 பாகை, இங்கே புழங்கும் பிரித்தானிய மரையினுடையது 55 பாகை. சில சுற்றுக்கள் ஏறும், பிறகு இறுகும், கசியும். கசிவைத் தடுக்க மரையில் சுற்றும் டேப்பை மேலும் மேலும் சுற்றி ஏற்றினால் பிளாஸ்டிக் சொக்கெட் வெடிக்கும். பழைய மூக்கை எடுத்துக்கொண்டு பாலம் கடந்து நகரத்து ஹாட்வெயாருக்குப் போய், பொருத்திப் பார்த்து வாங்கினேன்.

பூட்டியபின் தண்ணீரைத் திறந்துவிட்டு, சுவரோரத்தில் டிஷ்யூத் தாளைச் சுற்றிப் பிடியுங்கள். தண்ணீர் ஓடும்போதுதான் கசிவு தெரியும். தாள் காய்ந்தே இருந்தால் சிலிக்கன் பூசலாம். அதுவும் அடிப்பக்கத்தில் சின்ன இடைவெளி விட்டு. பின்னொரு நாள் கசிந்தால் தண்ணீர் வெளியே வரட்டும், சுவருக்குள் போகவேண்டாம்.