பழைய நாவலுக்குச் சரியான ஆண்டு கண்டுபிடிக்க

பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தமிழ் நாவல்களை ஆராய்பவர்கள் மறுபதிப்பின் முன்னுரையை மட்டும் நம்பி ஆண்டு குறிப்பிட வேண்டாம். பல நாவல்கள் முதலில் பத்திரிகையில்தான் வந்தன. 'கமலாம்பாள் சரித்திரம்' 1893 முதல் 'விவேக சிந்தாமணி'யில் தொடராக வெளிவந்து 1896இல் நூலானது. இரண்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள். ஆசிரியர் எதை மாற்றினார் என்பது தெரியவரும்.

பழைய நூல்களின் முகப்பில் பெரும்பாலும் தமிழ் வருஷப் பெயர் இருக்கும். இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். 60 ஆண்டுகளுக்கு ஒருமுறை அதே பெயர் திரும்பி வருவதால், 'ஸ்ரீமுக' என்பது 1873ஆகவும் இருக்கலாம், 1933ஆகவும் இருக்கலாம். அச்சகத்தின் பெயரும் விலையும் எது என்று காட்டிக்கொடுக்கும். வருஷம் சித்திரையில் பிறப்பதால் தை, மாசி, பங்குனி என்றிருந்தால் ஓர் ஆண்டைக் கூட்டிக்கொள்ளுங்கள்: 1933இல் பிறந்த ஸ்ரீமுகவின் மாசி 1934இல்தான் வரும். மார்கழியின் நடுவே ஆங்கிலப் புத்தாண்டு வருவதால் அந்த மாதத்துக்குத் தேதியையும் பார்க்க வேண்டும்.

இன்னும் ஐயம் தீரவில்லையா? 1867ஆம் ஆண்டுச் சட்டப்படி அச்சான நூல்களைப் பதிவு செய்ய வேண்டியிருந்தது. சென்னை மாகாண அரசு காலாண்டுதோறும் வெளியிட்ட அந்தப் பட்டியலில் பக்கம், விலை, அச்சிட்ட படிகள் வரை கிடைக்கும். ஆராய்ச்சியாளர்கள் அதிகம் புரட்டாத பொக்கிஷம் இது.

மூலநூல்களுக்குச் சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்குப் போகலாம். அங்கே பத்திரிகைகளின் விளம்பரப் பக்கங்களையும் விடாமல் பாருங்கள்; புது நாவல் விற்பனைக்கு வந்த செய்தி பெரும்பாலும் அவற்றில்தான் இருக்கும்.