பொத்தான் செத்தாலும் திரை வெளிச்சத்தைக் குறைக்கலாம்

மாரி மழையில் கரண்ட் போனால், யாழ்ப்பாணத்து இருட்டில் லப்டொப் திரை கண்ணைக் குத்தும். பற்றரியும் மளமளவென்று இறங்கும். என் பழைய லப்டொப்பில் வெளிச்சம் குறைக்கும் பொத்தான் எப்போதோ செத்துவிட்டது. ஆனால் அதில் இருப்பது லினக்ஸ் இயங்குதளம். அதன் மையப் பகுதியான கேர்னல் திரை வெளிச்சத்தை ஒரு கோப்பாகவே காட்டுகிறது.

'சிஸ்' அடைவுக்குள் 'கிளாஸ்', அதற்குள் 'பேக்லைட்' (/sys/class/backlight) என்று போங்கள். இன்டெல் கிராபிக்ஸ் என்றால் பெரும்பாலும் 'இன்டெல் பேக்லைட்' (intel_backlight) என்று ஒன்று இருக்கும். அதனுள் 'மேக்ஸ் பிரைட்னஸ்' (max_brightness) கோப்பு உச்ச அளவைச் சொல்லும். என்னுடையதில் 937, கணினிக்குக் கணினி மாறும். அதில் கால்வாசியை, என் கணக்கில் 234ஐ, 'பிரைட்னஸ்' (brightness) கோப்பில் எழுதினால் திரை உடனே மங்கும்.

பலரும் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. எக்கோ (echo) கொடுத்ததை வெளியிடும் கட்டளை; சூடோ (sudo) ஒரு கட்டளையை நிர்வாகி அதிகாரத்தோடு ஓட்டும். டெர்மினலில் 'சூடோ எக்கோ' போட்டு > என்ற அம்புக்குறியால் கோப்புக்குள் தள்ளினால் அனுமதி இல்லை என்று வரும். சூடோவின் அதிகாரம் எக்கோவோடு சரி; கோப்பைத் திறப்பது உங்கள் ஷெல், அதாவது நீங்கள் தட்டும் கட்டளைகளை வாங்கி ஓட்டும் நிரல்; அதற்கு அந்த அதிகாரம் இல்லை. எனவே 'எக்கோ 234', பிறகு | என்ற குழாய்க்குறி, பிறகு 'சூடோ டீ' (sudo tee), கடைசியில் கோப்பின் முழுப் பாதை. வருவதைக் கோப்பில் எழுதுவது டீயின் வேலை.

பூச்சியம் மட்டும் வேண்டாம். சில லப்டொப்களில் திரை முழுதாக அணைந்துவிடும். அப்புறம் குருட்டாம்போக்கில் தட்டச்சுச் செய்துதான் மீட்க வேண்டும். நான் செய்திருக்கிறேன், கடவுச்சொல்லோடு சேர்த்து.