ஹேக்கிங் பழகும் தம்பி தங்கைகளுக்கு: போலீஸ் வரும் முன்பும் வந்த பின்பும்

பிளஸ் டூ படிக்கிற, இல்லை காலேஜ் முதல் வருஷத்தில் இருக்கிற, ஒரு வெப்சைட்டைப் பார்த்ததும் இதற்குள் எப்படிப் போகலாம் என்று யோசிக்கிற பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். சட்டப் பிரிவுகளுக்கு வருமுன் கெவின் மிட்னிக் என்ற பிரபல அமெரிக்க ஹேக்கரின் கதையைக் கொஞ்சம் பொறுமையாகக் கேள். அவருக்கு முதல் எச்சரிக்கை எப்போது வந்தது, அதை என்ன செய்தார் என்பதுதான் உனக்கு வேண்டிய பாடம்.

லாஸ் ஏஞ்சலிஸ் பையன், 1963-இல் பிறந்தவர். 12 வயதில் அவர் கைவைத்தது பஸ் டிக்கெட்டில். டிக்கெட்டில் துளை போடும் கருவி எங்கே கிடைக்கும் என்று டிரைவரிடமே பேச்சுக்கொடுத்துத் தெரிந்துகொண்டார், டிப்போ பக்கத்துக் குப்பைத்தொட்டியில் கிடந்த பயன்படுத்தாத டிக்கெட்டுகளைப் பொறுக்கிக்கொண்டார், அப்புறம் ஊர் முழுக்கக் காசில்லாமல் சுற்றினார். 16 வயதில், 1979-இல், நண்பர்கள் கொடுத்த ஒரு போன் நம்பரை வைத்து டிஇசி கம்ப்யூட்டர் கம்பெனியின் மெஷினுக்குள் போய்விட்டார். உள்ளே வேலை செய்பவர் மாதிரி போனில் பேசியே பாஸ்வேர்டு வாங்கினார்.

1981-இல் பசிபிக் பெல் தொலைபேசி நிறுவனத்தின் கையேடுகளை நண்பர்களோடு அள்ளிக்கொண்டு வந்ததில் மாட்டினார். வயது 17 என்பதால் சிறார் கோர்ட், நன்னடத்தைக் கண்காணிப்பு. சரி, இங்கே நின்றிருக்கலாம். நிற்கவில்லை. 1983-இல் ஒரு பல்கலைக்கழகத்தின் கம்ப்யூட்டர் வழியாக வெளி நெட்வொர்க்குக்குள் நுழைந்ததற்காகக் கைதாகி இளைஞர் சிறைக்குப் போனார். 1988-இல் மறுபடியும் டிஇசி. ஓராண்டு சிறை, மூன்றாண்டு கண்காணிப்பு. அந்தக் கண்காணிப்பு முடியப்போகிற நேரத்தில் திரும்பவும் கைவைத்து, இரண்டரை வருஷம் தலைமறைவாக இருந்து, 1995 பிப்ரவரியில் ராலே நகரத்தில் பிடிபட்டார். வெளியே வந்தது 2000 ஜனவரியில். அதற்குப் பிறகும் 2003 வரை இன்டர்நெட்டைத் தொட முடியவில்லை.

ஒவ்வொரு முறை லேசாக விட்டபோதும் அதைத் ‘தப்பிச்சாச்சு’ என்று எடுத்துக்கொண்டார் என்றுதான் எனக்குப் படுகிறது. ஒரு விஷயத்தில் மட்டும் அவர்மேல் எனக்கு இரக்கம் உண்டு: அந்தத் திறமையை நேர்வழியில் காட்ட அன்றைக்கு இடம் கிடையாது. உனக்கு இருக்கிறது. பிக்கோசிடிஎஃப், ஓவர்தவயர், போர்ட்ஸ்விகரின் வெப் செக்யூரிட்டி அகாடமி மூன்றும் இலவசப் பயிற்சித் தளங்கள், உடைப்பதற்கென்றே கட்டிவைத்தவை. உன் லேப்டாப்பிலேயே ஒரு விர்ச்சுவல் மெஷின் (கம்ப்யூட்டருக்குள் ஓடும் இன்னொரு போலிக் கம்ப்யூட்டர்) போட்டு அதை எப்படி வேண்டுமானாலும் நொறுக்கு. கொஞ்சம் தேறியதும், தங்கள் ஓட்டைகளைத் தேடிச் சொல்லக் கம்பெனிகளே அழைக்கும் ஹேக்கர்ஒன், பக்க்ரவுடு தளங்கள் பக்கம் போகலாம், ஆனால் ஒவ்வொரு கம்பெனியும் எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்று எழுதியிருப்பதை வரி விடாமல் படித்துவிட்டுத் தொடு. அதில் இல்லாத சர்வரை ‘சும்மா பார்த்தேன்’ என்பது அனுமதி ஆகாது.

நம் ஊரில் பிள்ளைகள் பெரும்பாலும் சறுக்குவது எங்கே தெரியுமா? ரிசல்ட் பார்க்கும் பக்கத்தில் முகவரியின் கடைசி எண்ணை மாற்றினால் பக்கத்து பெஞ்சுக்காரனின் மார்க் வரும். அந்த நொடியே நிறுத்து. இரண்டாவது எண்ணைப் போட்டுப் பார்க்காதே, எல்லாவற்றையும் இழுத்துவர ஸ்கிரிப்ட் எழுதாதே, குரூப்பில் ஸ்கிரீன்ஷாட் போடவே போடாதே. எந்தப் பக்கம், என்ன ஓட்டை, எப்போது கண்ணில் பட்டது என்று மட்டும் எழுதி அந்த நிறுவனத்துக்கு அனுப்பு. பதில் வராவிட்டால், கம்ப்யூட்டர் பாதுகாப்பைக் கவனிக்கும் மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்புக்கு அனுப்பு. ‘பணம் கொடுங்கள், இல்லாவிட்டால் வெளியிடுவேன்’ என்கிற தொனி ஒரு வார்த்தையில்கூட வரக்கூடாது. நல்ல எண்ணத்தோடு ஓட்டை கண்டுபிடித்தவருக்கு இந்தியத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் தனிப் பாதுகாப்பு எதுவும் இல்லை. அதனால்தான் இவ்வளவு சொல்கிறேன்.

அந்தச் சட்டம் சுருக்கமாக: அனுமதியில்லாமல் நுழைந்தாலே பிரிவு 43-இன்படி நஷ்டஈடு. நேர்மையற்ற எண்ணத்தோடு செய்ததாக நிரூபித்தால் பிரிவு 66, மூன்றாண்டு வரை சிறை, 5 லட்சம் வரை அபராதம், இரண்டும் சேர்ந்தும் வரலாம், ஆனால் ஜாமீனில் விடக்கூடிய குற்றம். பாதுகாக்கப்பட்டதாக அரசு அறிவித்த கம்ப்யூட்டர் என்றால் பிரிவு 70, பத்தாண்டு வரை.

வீட்டுக்கு போலீஸ் வந்தேவிட்டால் முதல் வேலை, எதையும் அழிக்காமல் இருப்பது. பயத்தில் போனை ஃபார்மேட் செய்தால் சாட்சியத்தை அழித்ததாக இன்னொரு வழக்கு சேரும். எடுத்துப்போகும் லேப்டாப், போன், பென்டிரைவ் எல்லாவற்றுக்கும் பறிமுதல் பட்டியல் நகல் கேட்டு வாங்கு. மரியாதையாகப் பேசு, பெயரும் முகவரியும் சொல், ஆனால் எப்படிச் செய்தேன் என்று பெருமையாக விளக்க ஆரம்பிக்காதே. வக்கீல் வரட்டும் என்று சொல்ல உனக்கு உரிமை இருக்கிறது.

அம்மா அப்பாவுக்கு ஒரு வார்த்தை. அந்த நேரத்தில் பிள்ளையை அடிப்பதாலும், ‘இவன் எப்பவுமே இப்படித்தான் சார்’ என்று போலீஸ் முன்னால் புலம்புவதாலும் அவனுக்குக் கெடுதல்தான். பதினெட்டு வயது ஆகாத பிள்ளையை லாக்கப்பில் வைக்கக்கூடாது, 24 மணி நேரத்துக்குள் சிறார் வழக்குகளை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும், 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டம் இதைத் தெளிவாகச் சொல்கிறது. வயதைக் காட்டப் பிறப்புச் சான்றிதழையோ பள்ளிச் சான்றிதழையோ கையோடு எடுத்துப்போங்கள். வக்கீலுக்குப் பணமில்லையா, மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள், சிறுவர்களுக்கு அங்கே வருமான வரம்பு பார்க்காமல் இலவச உதவி உண்டு. குழுமம் தீர்த்த வழக்கு பிற்பாடு படிப்புக்கோ வேலைக்கோ தகுதிக்குறைவாகாது என்று அதே சட்டத்தின் பிரிவு 24 சொல்கிறது, அதனால் இறுதி உத்தரவின் நகலை வாங்கிப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.