மில்க் சாக்லேட் சிப்ஸ்: எங்கே கோட்டை விடுகிறோம்?

சூட்டில் வடிவம் கலையாமல் இருக்கத்தான் சிப்ஸ் செய்கிறார்கள். பார் சாக்லேட்டைவிட இதில் கோக்கோ வெண்ணெய் பொதுவாகக் குறைவு; 180 டிகிரி ஓவனிலிருந்து வந்த குக்கீயிலும் அது கூம்பு கூம்பாக நிற்பது அதனால்தான். இதையே உருக்கிக் கேக் மேல் ஊற்றப் பார்த்தால் கூழ்போலக் கெட்டியாக நிற்கும். அந்த வேலைக்கு பார் வாங்குங்கள்.

உருக்கியே ஆக வேண்டுமென்றால் நிதானம் வேண்டும். இதில் பால் இருக்கிறது, சீக்கிரம் தீய்ந்துவிடும். 45 டிகிரியைத் தாண்ட விடாதீர்கள். மைக்ரோவேவில் பாதி பவரில் வைத்து, இருபது விநாடிக்கு ஒருமுறை வெளியே எடுத்துக் கிளறுங்கள். உள்ளே இளகிய பிறகும் சிப்ஸ் பார்வைக்கு அப்படியே இருக்கும். “இன்னும் உருகலையே” என்று கிளறாமல் மறுபடி உள்ளே தள்ளுவதுதான் பெரும்பாலும் காரியத்தைக் கெடுக்கிறது. ஈரக் கரண்டியும் ஆகாது. ஒரு சொட்டுத் தண்ணீர் போதும், சர்க்கரை அதை இழுத்துக்கொண்டு மொத்தமும் மணல்மணலாக இறுகிவிடும். இறுகியதைக் கொட்ட வேண்டாம். சூடான பாலைத் தாராளமாக விட்டுக் கலக்கினால் சாஸ் ஆகிவிடும்.

டார்க் சாக்லேட்டுக்கு எழுதிய குறிப்பில் அதே அளவு மில்க் சிப்ஸைப் போடுவது இன்னொரு தவறு. கனாஷுக்கு (கிரீமும் சாக்லேட்டும் கலந்த குழைவு) டார்க் என்றால் கிரீமும் சாக்லேட்டும் சம எடை. மில்க் என்றால் ஒரு பங்கு கிரீமுக்கு இரண்டு பங்கு சாக்லேட். குக்கீயானால் மாவில் சர்க்கரையைக் குறைத்து, உப்பைக் கொஞ்சம் கூட்டிப் போடுங்கள்.

சென்னை வெயிலில் பாக்கெட்டை வெளியே வைக்க முடியாது, ஃபிரிட்ஜ்தான் வழி. காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். எடுத்தால் குளிர் அடங்கும்வரை திறக்காதீர்கள். திறந்தால் வியர்த்து, காய்ந்ததும் மேலே வெள்ளை பூக்கும். அது பூஞ்சை இல்லை, சர்க்கரை. தாராளமாகச் சாப்பிடலாம்.

இனி கடையில் செய்யும் தவறு. பொருள் பட்டியலில் கோக்கோ வெண்ணெய்க்குப் பதில் தாவரக் கொழுப்பு என்றிருந்தால் அது காம்பவுண்ட், அதாவது சாக்லேட் மாதிரி. மில்க் சாக்லேட் விலைக்கு வாங்காதீர்கள். அமெரிக்காவில் மில்க் சாக்லேட் என்று போட, கோக்கோ மாஸ் (அரைத்த கோக்கோ கொட்டை) குறைந்தது 10 சதவீதமும் பால் திடப்பொருள் 12 சதவீதமும் இருந்தாக வேண்டும்.

குடும்ப நிறுவனம் என்ற பெயரைப் பார்த்து மயங்குவதும் உண்டு. சான் பிரான்சிஸ்கோவில் 1868-ல் தொடங்கிய கிட்டார்ட் சாக்லேட் நிறுவனம் 1906 பூகம்பத்தில் ஆலையை இழந்தும் மீண்டு, ஐந்தாம் தலைமுறையாகக் குடும்பத்தின் கையிலேயே இருக்கிறது. நல்ல கதைதான், ஆனால் கோக்கோ கொட்டை எங்கிருந்து வந்தது, விவசாயிக்கு என்ன கிடைத்தது என்பதைத் தனியாகத்தான் பார்க்க வேண்டும். பாக்கெட்டில் உள்ள சான்றிதழ் முத்திரையையும் புரிந்துகொண்டு நம்புங்கள். பல சான்றிதழ் முறைகள் ‘மாஸ் பேலன்ஸ்’ கணக்கை அனுமதிக்கின்றன: சான்று பெற்ற கொட்டையும் பெறாததும் ஆலையில் கலக்கலாம், வாங்கிய அளவும் விற்ற அளவும் பொருந்தினால் சரி. உங்கள் பாக்கெட்டில் இருப்பது அந்தக் கொட்டையாகவே இருக்க வேண்டியதில்லை. ஆனாலும் விவசாயிகள் பக்கம் பணம் போய்ச் சேருகிறது. ஃபேர்டிரேட் என்ற சான்றிதழ் முறையில் டன்னுக்கு விலைக்கு மேல் விவசாயிகள் சங்கத்துக்குத் தரும் தொகை 2019-ல் 240 டாலராக உயர்ந்தது.