எல்லா ஓட்டமும் 'ஸ்கிடாடில்' ஆகாது

'லெட்ஸ் ஸ்கிடாடில்' என்று ஆங்கிலத்தில் யாராவது சொன்னால், 'ஓடலாம் வா' என்று புரிந்துகொள்கிறோம். அதோடு விட்டால் பரவாயில்லை. 'தினமும் காலையில் பார்க்கில் ஸ்கிடாடில் செய்கிறேன்' என்று எழுதப் போனால்தான் வம்பு. உடம்புக்காக ஓடுவதும் பஸ் பிடிக்க ஓடுவதும் இதில் சேராது. இனி இங்கே இருந்தால் சரிப்படாது என்று அவசரமாகக் கம்பி நீட்டுவதுதான் ஸ்கிடாடில்.

இந்தச் சாயை எப்படி வந்தது என்பது சொல்லின் பிறப்பிலேயே இருக்கிறது. அமெரிக்க உள்நாட்டுப் போரின் முதல் ஆண்டான 1861-லேயே இது பத்திரிகையில் ஏறிவிட்டது. எதிரிகளான தெற்கு மாநிலப் படையினர் பின்னங்கால் பிடரியில் பட ஓடுவதை வடக்கு மாநிலப் படையினர் இப்படிக் கிண்டலடித்தார்கள். கிண்டல் திரும்பியும் அடித்தது. அதே ஆண்டு ஜூலை 21 அன்று புல் ரன் போரில் தோற்று, வாஷிங்டனை நோக்கி ஓட்டம் பிடித்தது வடக்குப் படைதான். அந்த ஓட்டத்துக்கே 'கிரேட் ஸ்கிடாடில்' என்று பெயர் விழுந்தது. கட்டாய ராணுவ சேவைக்குத் தப்பி கனடாவுக்குள் நழுவியவர்களை 'ஸ்கிடாட்லர்' என்றார்கள். கனடாவின் நியூ பிரன்ஸ்விக்கில் 'ஸ்கிடாடில் ரிட்ஜ்' என்றே ஓர் இடம் உண்டு.

அடுத்த தவறு, இதைக் கிரேக்கச் சொல் என்று அடித்துச் சொல்வது. சிதறடிப்பதைக் குறிக்கும் கிரேக்க வினை ஒன்று காதுக்கு இதுபோலவே கேட்கும், அவ்வளவுதான். ஒலி ஒத்துப்போனால் உறவு கொண்டாடிவிடும் பழக்கம் நம்மிடம் மட்டும் இல்லை! பொருட்கள் சிந்துவதைச் சொல்லும் வட இங்கிலாந்து வட்டார வழக்கோடு தொடர்பு இருக்கலாம் என்பது சற்று நம்பும்படியான ஊகம். அகராதிகள் இன்றும் 'தோற்றம் உறுதியில்லை' என்றே போடுகின்றன.

ஆபீஸ் மெயிலில் வேண்டாம். விளையாட்டுப் பேச்சுக்கே பொருந்தும். 'ஸ்கிடாடில் தி ரூம்' என்பதும் பிழை. நடுவில் 'ஃப்ரம்' வர வேண்டும்.

'ஸ்கூட்' என்பதையும் இதையும் ஒன்றாக்கிவிடாதீர்கள். அதற்கும் சட்டென்று கிளம்புவது என்ற பொருள் உண்டுதான். ஆனால் சோபாவில் பக்கத்தில் இருப்பவர் 'ஸ்கூட் ஓவர்' என்றால் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தால் போதும்; செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்ப வேண்டியதில்லை.