பதவியின் பெயரிலிருந்து தொடங்குங்கள்

நெதர்லாந்தில் குடியேறியவர்களுக்கான ஒருங்கிணைப்புக் கொள்கையைக் கையாண்ட ஓர் அரசியல்வாதியைப் பற்றி எழுதப் போகிறீர்களா? கட்சி, கொள்கை எல்லாம் அப்புறம். முதலில் பதவியின் பெயரைப் பாருங்கள். 1998-இல் ரோஜர் வான் பாக்ஸ்டெல் 'பெருநகரங்கள், ஒருங்கிணைப்பு' அமைச்சர். 2003-இல் ரீட்டா வெர்டோங்க் 'குடியேற்றம், ஒருங்கிணைப்பு'. 2007-இல் எல்லா ஃபோகலார் 'வீட்டுவசதி, குடியிருப்புகள், ஒருங்கிணைப்பு'. ஒரே விஷயம்தான். ஒருமுறை நகரத்தின் பிரச்சினை, ஒருமுறை எல்லையின் பிரச்சினை, இன்னொருமுறை தெருவின் பிரச்சினை.

அடுத்து, ஒவ்வொரு சட்டத்துக்கும் இரண்டு தேதி குறித்துக்கொள்ளுங்கள்: நிறைவேறியது, அமலுக்கு வந்தது. இதில் நான் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டவன். குடியேறியவர்கள் டச்சு மொழித் தேர்வு எழுத வேண்டும் என்ற 2007-ஆம் ஆண்டுச் சட்டத்தை ஃபோகலார் கணக்கில் எழுதிவிட்டேன். அது ஜனவரி 1-இலேயே அமலுக்கு வந்துவிட்டது; அவர் பதவியேற்றது பிப்ரவரி 22-இல். கொண்டுவந்தவர் வெர்டோங்க், நடத்திக்காட்ட வேண்டியிருந்தவர் ஃபோகலார். அன்றிலிருந்து என் தாளில் 'கொண்டுவந்தவர்', 'சுமந்தவர்' என்று இரண்டு கட்டங்கள்.

பதவிக்கு முந்தைய வேலையையும் தேடுங்கள். ஃபோகலார் ஆசிரியர் சங்கத் தலைவராக இருந்து, பிறகு எஃப்.என்.வி. தொழிற்சங்கக் கூட்டமைப்பின் துணைத் தலைவரானவர். இது தெரிந்தால், அவர் 40 பின்தங்கிய குடியிருப்புகளைப் பட்டியலிட்டு வேலையைத் தொடங்கியதில் ஆச்சரியம் இருக்காது. அந்தப் பகுதிகளை 'ஃபோகலார் வைக்' என்றே சொன்னார்கள். மொழிபெயர்ப்புக் கருவி 'வைக்' என்பதை 'வார்டு' என்று காட்டலாம், ஏமாறாதீர்கள். கவுன்சிலர் தேர்தலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. நகரத்தின் ஒரு பகுதி, அவ்வளவுதான்.

சர்ச்சை வந்தால் மூலப் பேட்டிக்கே போய்விடுங்கள். பல நூற்றாண்டுகள் கழித்து நெதர்லாந்தை யூத-கிறிஸ்தவ-இஸ்லாமிய மரபுள்ள நாடு என்று சொல்லக்கூடும் என்று 2007-இல் ஒரு பேட்டியில் சொன்னார் ஃபோகலார். 'பல நூற்றாண்டுகள்' என்பதை விட்டுவிட்டு வாசித்தால் வேறு ஆள் பேசுவதுபோல் இருக்கும். அதே ஆண்டு செப்டம்பரில், நாடாளுமன்றத்திலேயே குடியேற்றத்தை எதிர்க்கும் கட்சியின் தலைவர் கீர்ட் வில்டர்ஸ் அவரைப் பைத்தியம் என்று ஏசினார்.

கடைசியாக, எப்படிப் போனார் என்று பாருங்கள். 2008 நவம்பரில் ஃபோகலார் விலகியது எதிர்க்கட்சி கவிழ்த்ததால் அல்ல, சொந்தக் கட்சித் தலைமையே நம்பிக்கை இழந்ததால். அடுத்து வந்தவர் எபர்ஹார்ட் வான் டெர் லான். 2010-இல் ஆம்ஸ்டர்டாம் மேயரானார். அவருக்கும் ஒரு தாள் போட்டுவிடுங்கள், 'சுமந்தவர்' கட்டம் அங்கேயும் நிரம்பும்.