கனத்த உடம்பும் தீராத முழங்கால் வலியும்: ஒளி சிகிச்சையைச் சரியாகச் செய்வது எப்படி?

முழங்கால் வலிக்கென்று சிவப்பு விளக்கு ஒன்றை வாங்கி, டிவி பார்த்துக்கொண்டே அரை மணி நேரம் காட்டிவிட்டு, பத்து நாளில் "பலனே இல்லை" என்று மூலையில் போட்டவர்கள் எத்தனையோ பேர். எந்த ஒளி, எந்த இடத்தில், எவ்வளவு என்று அவர்களுக்கு யாரும் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள். உடல் பருமன் உள்ளவர்களுக்கு இது இன்னும் முக்கியம். தோலுக்கும் மூட்டுக்கும் நடுவே இருக்கும் கொழுப்பைத் தாண்டுவதற்குள் ஒளியின் பெரும்பகுதி சிதறிப்போய்விடும்.

முதலில் கருவி, அதாவது லேசரோ எல்இடி பட்டையோ. அலைநீளம், திறன் என்ற இரண்டையும் பார்க்காமல் வாங்காதீர்கள். 780 முதல் 860 நானோமீட்டர் வரையுள்ள அகச்சிவப்பு ஒளிதான் ஓரளவு ஆழம் போகும். கண்ணுக்குத் தெரிகிற 630, 660 சிவப்பு அவ்வளவு உள்ளே இறங்காது. சூடு கொடுக்கும் அகச்சிவப்பு விளக்கு வேறு சமாச்சாரம், அது ஒத்தடம் மாதிரி. நாம் பேசும் ஒளி சிகிச்சையில் சூடே தெரியாது. செல்லுக்குள் ஆற்றலை உண்டாக்கும் மைட்டோகாண்ட்ரியா ஒளியை உறிஞ்சிக்கொள்வதால் அழற்சி தணிகிறது என்பதுதான் இதற்குச் சொல்லப்படும் விளக்கம்.

அப்புறம் கணக்கு. சுலபம்தான், வாட்டை நொடியால் பெருக்கினால் ஜூல், அதாவது கொடுக்கும் ஒளி ஆற்றலின் அளவு. 100 மில்லிவாட் (0.1 வாட்) லேசரை ஒரே புள்ளியில் 60 நொடி வைத்தால் 6 ஜூல். ஒரு புள்ளிக்கு 4 முதல் 8 ஜூல் என்பது இந்த அலைநீளத்துக்குப் பரிந்துரைக்கப்படும் அளவு. 2019-இல் பிஎம்ஜே ஓப்பன் என்ற மருத்துவ இதழில், பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து வந்த ஒரு தொகுப்பாய்வில், பரிந்துரைத்த அளவில் லேசர் கொடுத்த ஆய்வுகளில்தான் வலி தெளிவாகக் குறைந்திருந்தது. அதற்காகக் கூட்டிக்கொண்டே போகவும் வேண்டாம், அளவு மீறினால் பலன் மங்கிவிடும். எல்இடி பட்டை வாங்குகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அதன் திறன் பட்டை முழுக்கப் பரவியிருப்பதால் லேசர் கணக்கை அப்படியே அதற்குப் போட முடியாது, தயாரிப்பாளர் சொல்லும் நேரத்தையே பின்பற்றுங்கள்.

இப்போது இடம். நாற்காலியில் உட்கார்ந்து முழங்காலை மடக்குங்கள். சில்லுக்குக் கீழே இரண்டு பக்கமும் சின்னப் பள்ளம் இருக்கும். சதைப்பற்றான காலில் அது கண்ணுக்குத் தெரியாது, விரலை அழுத்தி வைத்துக் முழங்காலுக்குக் கீழுள்ள காலை மெல்ல முன்னும் பின்னும் ஆட்டினால் உள்ளே எலும்பு நகர்வது விரல் நுனியில் தட்டுப்படும். அங்கிருந்து பக்கவாட்டில் பின்னோக்கித் தடவிக்கொண்டே போனால் வருகிற கோடுதான் மூட்டு இடுக்கு. அந்தக் கோட்டில் உள்பக்கம் மூன்று, வெளிப்பக்கம் இரண்டு என்று புள்ளி எடுத்துக்கொள்ளுங்கள். லேசர் முனையை எட்டப் பிடிக்காமல் தோலில் பதித்து, வலிக்காத அளவுக்கு நன்றாக அழுத்துங்கள். அழுத்தினால் கொழுப்பு கொஞ்சம் விலகும், ஒளி போக வேண்டிய தூரம் குறையும். கனத்த காலுக்கு இந்த அழுத்தம்தான் உயிர்நாடி என்பேன்.

இரண்டு வாரம் தினமும், அல்லது மூன்று நான்கு வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள். கண்ணுக்குத் தெரியாத ஒளி கண்ணைக் கெடுக்கும், அதனால் அந்த அலைநீளத்துக்கு உரிய கண்ணாடி கட்டாயம். புற்றுநோய் இருந்தாலோ, வெளிச்சம் பட்டால் தோல் தடிக்கவைக்கும் மாத்திரை எடுத்தாலோ, சர்க்கரையால் காலில் உணர்ச்சி குறைந்திருந்தாலோ மருத்துவரைக் கேட்காமல் தொடங்காதீர்கள். முழங்கால் திடீரென்று வீங்கிச் சிவந்து காய்ச்சலும் வந்தாலும், கெண்டைக்கால் ஒன்று மட்டும் வீங்கி வலித்தாலும் ஒளி சிகிச்சையை நிறுத்திவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

வலி சற்று அடங்கியதும் சும்மா உட்காராதீர்கள். நாற்காலியில் இருந்தபடியே காலை நீட்டி ஐந்து நொடி நிறுத்தி இறக்குங்கள், பத்துத் தடவை. தொடைத்தசை தேறினால் மூட்டின் சுமையை அது வாங்கிக்கொள்ளும். ஒரு கிலோ எடை இறங்கினால் ஒவ்வோர் அடியிலும் முழங்கால்மேல் விழும் பாரம் ஏறக்குறைய நான்கு கிலோ குறைகிறது, எந்த விளக்காலும் அதைச் செய்ய முடியாது. தொடங்கும் நாளன்று மாடிப்படி ஏறும்போது பத்துக்கு எத்தனை வலி என்று எழுதி வையுங்கள். நான்கு வாரம் கழித்து அதே படியில் ஏறிப் பாருங்கள். எண் இறங்கவே இல்லையென்றால் கருவியை விட்டுவிட்டு பிசியோதெரபிஸ்டிடம் போய்ப் பயிற்சியைக் கற்றுக்கொள்ளுங்கள்.